கீழ் சிலிண்டரில் கம்ப்ரெஷன் 58 காட்டினால் படகு எஞ்சின் போய்விட்டதா?

பம்பாய் ஆண்டாப் ஹில்லில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"அண்ணே, வெர்சோவாவில் ஒரு கோலி மீனவ நண்பரோடு சேர்ந்து சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப் போவோம். எஞ்சின் போன வருடம் பழையதாக வாங்கினது. 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டுகிறது), டூ ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், பெட்ரோல். ஜூன், ஜூலை முழுக்கப் படகு கரையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. ஆகஸ்டில் இறக்கினால் ஐடிலில் உதறுகிறது, முழுசாகக் கொடுத்தாலும் பாதி வேகம்தான் வருகிறது. ஒருத்தரிடம் கேஜ் இரவல் வாங்கி, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, கயிறு இழுத்துக் கம்ப்ரெஷன் பார்த்தேன். மேல் சிலிண்டர் 92, நடு 90, கீழ் 58. மிஸ்திரி அந்த நம்பரைக் கேட்டவுடனே பிளாக்கையே மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். எஞ்சினை இரும்புக்குப் போட்டுவிடலாமா?"

தம்பி, இரும்புக்கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். நான் தாருகானாவில் இருபது வருடத்துக்கும் மேலாக அவுட்போர்டு பிரிக்கிறேன். கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம், குறைவு என்று தூக்கிக்கொண்டு வந்த எஞ்சின்களில் எத்தனையோ, சரியாக அளந்து பார்த்ததும் பிரிக்காமலே திரும்பிப் போயிருக்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை, 58க்கும் 90க்கும் உள்ள இடைவெளி பெரியதுதான், அதில் ஏதோ இருக்கிறது. ஆனால் நீங்கள் அளந்த விதம் சரியில்லை. தப்பாக அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றரை லட்சத்துக்கு யாரும் பேசக்கூடாது, உங்கள் மிஸ்திரியும்தான்.

ஒரு பிளக்கை மட்டும் கழற்றிக்கொண்டு கயிறு இழுத்தால் மற்ற இரண்டு சிலிண்டரும் உங்கள் கையோடு மல்லுக்கு நிற்கும். கயிறு சுற்றுகிற மேல் சக்கரமான ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றாது, ஊசி ஏறாது. மூன்று பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அனேகமாக இல்லை. கார்புரேட்டர் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது, இல்லாத காற்றை பிஸ்டன் எங்கே அமுக்கும்? எஞ்சின் உதறிக்கொண்டாவது ஓடுகிறது என்பதால், ஒரு பீப்பாய் தண்ணீரில் இறக்கி ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அளக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிறைப் பிடுங்கிவிட்டு, மூன்று பிளக் ஒயரையும் எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி மாட்டிவிடுங்கள். திறந்த ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலேயே ஒயர் பொறி தட்டினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எர்த் இல்லாமல் ஒயரை அந்தரத்தில் விட்டுச் சுற்றினால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சிடிஐ பெட்டி அடிவாங்கவும் வாய்ப்பு உண்டு, அது தனிச் செலவு.

இவ்வளவும் செய்துவிட்டு, ஊசி இனி ஏறாது என்று நிற்கும் வரை ஐந்தாறு இழுப்பு ஒரே வேகத்தில் இழுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை. முடிந்தால் நல்ல தோள் உள்ள ஒரே ஆளே மூன்றுக்கும் இழுக்கட்டும். செல்ஃப் ஸ்டார்ட்டர் உள்ள எஞ்சின் என்றால் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். அந்த 92ம் 90ம் இப்படி அளந்தால் நூறைத் தாண்டிப் போனாலும் ஆச்சரியமில்லை. கீழ் சிலிண்டர் கூடவே ஏறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கேஜ். இரவல் வாங்கினது என்கிறீர்கள். அதன் ஓஸ் குழாயை பிளக் ஓட்டையில் திருகுகிற நுனிக்குள் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரு குட்டி வால்வு இருக்கும். அது நுனியிலேயே இருக்க வேண்டும். சில மலிவு கேஜ்களில் மேலே டயலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஓஸுக்குள் இருக்கிற இடமும் சிலிண்டரோடு சேர்ந்துவிடும். கார் எஞ்சினில் அது பெரிய வித்தியாசம் காட்டாது, உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டரே 230 சிசி சுமார்தான், அதில் நன்றாகவே குறைத்துக் காட்டும். என் கதை ஒன்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இரண்டு சிலிண்டர் எஞ்சினில் 60, 60 என்று வந்தது. நான் பெரிய ஆள் மாதிரி பிஸ்டன் ரிங் போச்சு என்று சொல்லி, சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். உப்பு பிடித்த போல்ட் இரண்டு உடைந்தது. உள்ளே பார்த்தால் போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற உள்சுவர், கண்ணாடி மாதிரி இருக்கிறது, புதுசாகப் பூட்டினது போல. கேஜ் வால்வில் ஒரு மணல் துகள். உடைந்த போல்ட்டைத் துளை போட்டு எடுக்க இரண்டு நாள் ஆயிற்று, அந்தக் கூலியை நான் யாரிடம் கேட்பது? அன்றையில் இருந்து, சந்தேகமான எண் வந்தால் முதலில் அதே கேஜை நல்ல எஞ்சின் ஒன்றில் வைத்துப் பார்ப்பேன். உங்கள் பக்கத்துப் படகில் ஒரு எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் சொல்வது பி.எஸ்.ஐ. கணக்கு, சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்பது. நம் ஊர் கேஜ்களில் இரண்டு வரிசை எண் இருக்கும், 100 பி.எஸ்.ஐ. என்பது உள் வரிசையில் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ. பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் பொதுவாக 90க்கு மேல், பலவற்றில் 110, 120 என்று வரும், மாடலுக்கு மாடல் மாறும். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மூன்றும் 85 என்றால் எனக்குத் தூக்கம் கெடாது. 115, 115, 80 என்றால் கெடும். பழைய எஞ்சின் என்பதால் இதையும் விசாரித்துவிடுங்கள்: மீன்பிடிக்காக மண்ணெண்ணெயில் ஓடுகிற மாடல்கள் கம்ப்ரெஷன் குறைவாகவே கட்டப்பட்டவை. யாராவது அந்த ஹெட்டை எடுத்து உங்கள் எஞ்சினில் மாட்டியிருந்தால் மூன்றுமே ஒன்றுபோலக் குறைவாக வரும், அது நோய் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருக்கிறவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு வரி: சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் கயிறு லேசாக வருவதற்காகவே ஸ்டார்ட் பண்ணும்போது வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற ஏற்பாடு உண்டு, அதை மறந்துவிட்டு அளந்தால் எல்லா எஞ்சினும் செத்த எஞ்சின்தான்.

சரி, ஒழுங்காக அளந்த பிறகும் கீழ் சிலிண்டர் தனியாகக் கீழேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் ஊகம் அப்படித்தான் நிற்கும் என்பது. ஏன் என்று சொல்கிறேன்.

எந்த சிலிண்டர் கெட்டிருக்கிறது என்பதே பாதி பதில். கூலிங் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் காய்ந்திருந்தால் பெரும்பாலும் மேல் சிலிண்டர்தான் முதலில் அடிவாங்கும், தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது, ஆவியும் காற்றும் போய்த் தங்குவது உச்சியில். நம்ம பம்பாய்த் தண்ணீரில் பிளாஸ்டிக் பை உறிஞ்சு வாயில் ஒட்டிக்கொண்டு எத்தனை மேல் பிஸ்டன்களைத் தின்றிருக்கிறது என்று கணக்கே இல்லை. கீழ் சிலிண்டர் என்றால் என் மனசு வேறு பக்கம் போகும். எக்ஸாஸ்ட் வழியாக உப்புத்தண்ணீர் திரும்பி ஏறினால் முதலில் எட்டுவது கீழ் சிலிண்டரைத்தான். படகு வேகமாக வந்து சட்டென்று ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் பின்னாலிருந்து அலை வந்து எஞ்சின் மேல் ஏறுமே, அந்த மாதிரி நேரத்தில் ஏறும். எஞ்சினைத் தூக்காமல் தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருந்தாலும் ஏறும்.

அதோடு இரண்டு மாத மழை. இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். எஞ்சின் நிற்கும்போது மூன்று பிஸ்டனும் மூன்று இடத்தில் நிற்கும், அதில் ஏதோ ஒன்றுக்கு எக்ஸாஸ்ட் வாய் திறந்திருக்கும். அந்தத் திறந்த வாய் வழியாக உப்பு ஈரக்காற்று இரண்டு மாதம் உள்ளே போய் வந்தால், எண்ணெய் காய்ந்துபோன சிலிண்டர் சுவரில் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ரிங்கும் அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். கரையேற்றும் முன் உள்ளே துரு பிடிக்காமல் இருக்க ஃபாகிங் ஆயில் அடித்தீர்களா என்று கேட்டால் நீங்கள் தலையைச் சொறிவீர்கள் என்று தெரியும், கேட்கவில்லை.

பிளக்கைப் பாருங்கள். கீழ் பிளக்கின் நுனியில் துருக் கறை இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. எண்ணெய் வழிந்து கறுப்பாக ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் வேலையே செய்யவில்லை. வெள்ளையாகச் சுட்டுப்போய், பீங்கான் மேல் மிளகுப் பொடி தூவின மாதிரி பளபளவென்று அலுமினியப் புள்ளி ஒட்டியிருந்தால் அது கெட்ட செய்தி, பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. அப்போது கீழ் கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளையான மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களில் சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் இருக்கும், ஒன்று மட்டும் அடைத்துக்கொண்டால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்கும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிறவர்களுக்குப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது. இப்போது பம்பில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இரண்டு மாதம் டேங்கில் கிடந்தால் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலுமாகத் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். உறிஞ்சுகிற குழாயோ அடியில்! ஆகஸ்டில் இறக்கியபோது பழைய பெட்ரோலிலேயே ஸ்டார்ட் பண்ணினீர்கள் என்றால், அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், கோடு தெரியும்.

இனி ஆயில் ஊற்றிப் பார்க்கிற சோதனை. ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை பிளக் ஓட்டையில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் அல்லது பிஸ்டனில் விரிசல் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் அவுட்போர்டில் இரண்டு சூட்சுமம் இருக்கிறது. இதில் சிலிண்டர் படுத்திருக்கிறது. ஊற்றின ஆயில் அடிப்பக்கமாக வழிந்து, திறந்திருக்கிற வாய் வழியாக வெளியே போய்விடும், ரிங்கைச் சுற்றி நிற்காது. அதனால் எஞ்சினை முழுசாகத் தூக்கி நிறுத்துங்கள், பின்பக்கம் இருக்கிற ஹெட் அப்போது மேல்நோக்கித் திரும்பும். பிளக் ஓட்டையில் ஒரு நீளமான ஸ்ட்ராவை விட்டு, பிஸ்டன் கிட்டத்தட்ட மேலே வரும்வரை ஃப்ளைவீலைக் கையால் திருப்பி, அப்புறம் ஆயிலை விடுங்கள். கையால் திருப்பும்போது எப்போதும் கடிகாரம் சுற்றுகிற பக்கமே திருப்புங்கள், எதிர்ப்பக்கம் திருப்பினால் கீழே தண்ணீர் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லரின் இறகு மடங்கிக்கொள்ளும். இரண்டாவது, ஆயிலுக்கும் ஒரு இடம் வேண்டும் அல்லவா, சின்ன சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் போனாலே இடம் குறைந்து எண் தானாகக் கொஞ்சம் ஏறும். ஆகவே அதே அளவு ஆயிலை நடு சிலிண்டரிலும் விட்டு அளங்கள். நடு பத்து ஏறி, கீழ் முப்பது ஏறினால்தான் ரிங் மேல் பழி போடலாம்.

ரிங் என்று தெரிந்தால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ரிங்கைப் பிரிக்காமலே விடுவிக்க முடியும், எல்லா நேரமும் முடியாது, ஆனால் முயற்சிக்காமல் விடுவது முட்டாள்தனம். எஞ்சினைத் தூக்கின நிலையிலேயே மூன்று சிலிண்டரிலும் கார்பன் கரைக்கிற ஸ்ப்ரேயை நிறைய அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். இடையிடையே ஃப்ளைவீலைக் கால் திருப்பு திருப்பி மறுபடி அடியுங்கள். மறுநாள் எஞ்சினை இறக்கி, பிளக் மாட்டாமல், ஓட்டைகள் மேல் பழைய துணியைப் போட்டுக்கொண்டு கயிறு இழுத்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே துப்ப விடுங்கள். உள்ளே திரவம் நிற்கும்போது பிளக்கை மாட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். துணியில் வருவது கறுப்பாக இருந்தால் கார்பன், செங்கல் நிறத்தில் இருந்தால் துரு. அப்புறம் பழைய பிளக், புதுப் பெட்ரோல், கொஞ்சம் கூடுதல் ஆயில், பீப்பாயில் இறக்கி ஓட்டுங்கள். புகை வரும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல தண்ணீர் பீப்பாய் என்றால் இன்னும் நல்லது, உப்பும் கழுவிக்கொண்டு போகும். எங்கள் பக்கம் கௌலா பந்தரில் நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியே எஞ்சின் கழுவுகிறோம், உங்களுக்கு வெர்சோவாவில் குழாய் கிடைத்தால் யோகம்தான். மறுபடி அளங்கள். 58 என்பது 85, 90 என்று ஏறியிருந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இதே வைத்தியம் செய்யுங்கள்.

ஏறவில்லையா, உள்ளே பார்த்துவிடுவோம். லாமிங்டன் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் போனில் மாட்டுகிற குட்டிக் கேமரா கிடைக்கும், உங்கள் மிஸ்திரி கேட்கிற ஒன்றரை லட்சத்துக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை. பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு பிளக் ஓட்டை வழியாக விட்டுப் பாருங்கள். போரைத் தீட்டியபோது விழுந்த ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் போர் உயிரோடு இருக்கிறது. எக்ஸாஸ்ட் வாய்க்கு மேலும் கீழும் நெட்டுக்கோடாகக் கீறல், நகம் தட்டுகிற ஆழத்துக்கு இருந்தால் ரீபோர், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். போரைச் சுற்றி வளையமாகப் பழுப்புக் கோடு இருந்தால் பிஸ்டன் இரண்டு மாதம் அங்கேயே நின்று துருப்பிடித்தது. பிஸ்டன் தலை கார்பன் இல்லாமல் ஆவியில் கழுவின மாதிரி சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கேஸ்கட் வழியாகத் தண்ணீர் கசிகிறது. கேஸ்கட்டில் இன்னொரு வகை, இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கிழிந்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கும். உங்களுக்கு நடு நன்றாக இருப்பதால் அது இல்லை.

எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஒரு சிலிண்டருக்காகப் பிளாக் மாற்றுவது என்பது எனக்குப் புரியவில்லை. பல எஞ்சின்களில் கெட்ட சிலிண்டரை மட்டும் போர் அடித்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம், மற்ற இரண்டையும் தொட வேண்டாம். மிஸ்திரியிடம் பிஸ்டன், ரிங், கேஸ்கட், போர் கூலி, பிரித்துப் பூட்டுகிற கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் ஆளை மாற்றுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் சொல்வது சரியாகிவிடலாம். கீழ் சிலிண்டரில் உப்புத்தண்ணீர் நின்றிருந்தால் அது பிஸ்டனோடு நிற்பதில்லை, பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டு வரை போகும், அங்கே பேரிங்கில் துரு ஏறும். பிளக் எல்லாம் கழற்றின பிறகு ஃப்ளைவீலை ரொம்ப மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி போக வேண்டும். மணல் அரைபடுகிற மாதிரி கையில் தட்டினால், அல்லது ஃப்ளைவீலைத் துளியளவு மட்டும் முன்னும் பின்னும் ஆட்டும்போது பிஸ்டன் அசைவதற்கு முன்னால் 'டிக்' என்று ஒரு இடைவெளி தெரிந்தால், புது பிஸ்டன் போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஒரு சீசனில் அந்தப் பேரிங் உடைந்து புது பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த நிலைமையில் முழு பவர்ஹெட் (சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் எல்லாம் சேர்ந்த மேல்பகுதி) பழையதாகக் கிடைக்குமா என்று தேடுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும், வாங்கும் முன் அதையும் இதே மாதிரி அளந்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு மறுபடி எழுதும்போது மூன்று சிலிண்டருக்கும் ஆயில் விடாத எண், ஆயில் விட்ட எண் என்று ஆறு எண்ணும், கீழ் பிளக்கின் போட்டோவும் வேண்டும். போட்டோ எடுக்கும் முன் பிளக்கைத் துடைத்துவிடாதீர்கள்.